கட்டைவிரல்களின் வரிசை

வாக்குப்பதிவு அன்று விடிகாலையில், சுயேச்சை வேட்பாளர் தில்லைநாயகியின் கைப்பேசியிலிருந்து கட்டைவிரல்கள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. எல்லாம் அவள் வீடியோக்களுக்கு லைக் போட்டவை. நிமிர்ந்த வாக்கிலேயே மிதந்துபோய்ப் பள்ளிக்கூட வாசலில் வரிசை கட்டின. வரிசை தெருவைத் தாண்டிப் பனிக்குள் நீண்டது. அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

மை வைக்கும் அலுவலர் முதல் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஆள்காட்டி விரல் எங்கங்க? அதுலதான் மை வைக்கணும்.”

விரல்கள் ஓசையில்லாமல் கைப்பேசிக்குள் திரும்பின. வெறிச்சோடிய வாசலில், அவள் வீட்டுக்கு எதிரே இஸ்திரி போடும் பெண் மட்டும் இடக்கையை நீட்டியபடி நின்றாள். தில்லைநாயகி கும்பிட்டாள். அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீ எந்தத் தெரும்மா? பார்த்ததே இல்லையே.”