கரையில்லா வேகம்

"போன்ல ஒரு கோளாறும் இல்ல பெரியம்மா," என்றான் போன்கடை லம்ஜத். காலையிலிருந்து இதையே மூன்றாம் தடவையாகச் சொல்கிறான்.

மப்ரூக்கா விடுவதாக இல்லை. "கோளாறு இல்லேன்னா எம் புள்ளைகிட்டருந்து ஏன் ஒண்ணும் வரல? மேல பாரு, 5ஜின்னு எரியுது. மின்னல் மாதிரி போகும்னு நீதானடா சொன்ன?"

சொன்னான்தான். ஊருக்கே சொன்னான்.

போன மாதம் ஜர்ஜிஸ் என்கிற அந்தக் கடலோர ஊரில் புதிதாக ஒரு கோபுரம்கூட முளைக்கவில்லை. ஆனால் ஒரே ராத்திரியில் எல்லார் போனிலும் 4ஜி போய் 5ஜி வந்து உட்கார்ந்துவிட்டது. கம்பெனிக்காரன் எங்கோ உட்கார்ந்து ஒரு பொத்தானைத் தட்டினான், அவ்வளவுதான். வேகம் அதே பழைய ஆமை வேகம். கேட்டவர்களிடம், "பேரு வந்துடுச்சுல்ல, வேகம் பின்னாடியே வரும்," என்று லம்ஜத் சிரித்து மழுப்பினான். அவனுக்கு சிம் விற்க வேண்டும்.

கடைக் கண்ணாடியை அடைத்துக்கொண்டு கம்பெனியின் சுவரொட்டி. மேலே 'கரையில்லா வேகம்' என்று கொட்டை எழுத்து. கீழே நாட்டின் வரைபடம். சேவை கிடைக்கிற இடமெல்லாம் சிவப்பு. அந்தச் சிவப்பு கரையோடு நிற்காமல் கடலுக்குள் வழிந்து, இத்தாலித் தீவுக்குப் பாதி தூரம் போயிருந்தது. வரைந்த மகராசனுக்குத் தாராளமான கை.

அந்தச் சிவப்பின் முன்னால்தான் மப்ரூக்காவின் மகன் வஜ்தி வந்து நின்றான், படகேறுவதற்கு முந்தைய நாள், நாலைந்து கூட்டாளிகளோடு.

திருட்டுப் படகில் அக்கரைக்குப் போகிறவர்கள் சாட்டிலைட் போன் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டுதான் போவார்கள். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் கூப்பிட வேறு வழி கிடையாது. அதை எடுப்பதா வேண்டாமா என்று பையன்களுக்குள் வாக்குவாதம்.

"அண்ணே, பாதிக் கடல் வரைக்கும் நம்ம போனே எடுக்கும்தானே?" என்று வஜ்தி கேட்டான்.

லம்ஜத் அப்போது ஹரீஸா மிளகாய் விழுது தடவிய ரொட்டியை மென்றுகொண்டிருந்தான். விரலால் சுவரொட்டியைக் காட்டித் தலையை ஆட்டினான். அதோடு நிற்காமல், சிம் வாங்கிய ஒவ்வொருவனுக்கும் தண்ணீர் புகாத உறை ஒன்றை இலவசமாகக் கொடுத்தான். உறையிலும் அதே கொட்டை எழுத்து. போனை அதில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பையன்கள், சாட்டிலைட் போன் வாடகை மிச்சம் என்று சிரித்தபடி போனார்கள்.

முந்தாநாள் ராத்திரி படகு கிளம்பியது. நேற்றிலிருந்து வடகாற்று. கடல் கரையைப் பார்த்து உறுமிக்கொண்டிருந்தது. மீன்பிடிக்க ஒரு படகும் போகவில்லை.

மப்ரூக்காவின் போன் சிணுங்கியது.

மறுபடி சிணுங்கியது. மறுபடியும்.

"வந்துருச்சு!" அவள் எதையோ அழுத்தினாள். வஜ்தி பேசி அனுப்பிய குரல்பதிவு கடை முழுக்கக் கேட்டது.

"ம்மா, எஞ்சின் நின்னுபோச்சு. பயப்படாத. 5ஜின்னுதான் காட்டுது, ஒண்ணும் போக மாட்டேங்குது. லம்ஜத் அண்ணன்கிட்டச் சொல்லி யாரையாச்சும் அனுப்பச் சொல்லும்மா."

அடுத்ததில் பல பேர் கத்துகிற சத்தம். அதற்கடுத்ததில் வெறும் தண்ணீர்.

அவளுக்கு அந்தக் கத்தலும் தண்ணீரும் காதில் ஏறவே இல்லை. "பேசிட்டான்! எம் புள்ள இப்பத்தான் பேசியிருக்கான்!" போனுக்கு முத்தம் கொடுத்தாள். வாசலுக்குப் போய்க் கல்யாண வீட்டில் இடுவதுபோல் குலவையிட்டாள். எதிர்க் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் கை தட்டினார்கள்.

லம்ஜத்துக்குப் புரிந்துவிட்டது. எத்தனை வருஷமாகப் போன் விற்கிறவன், அவனுக்கா தெரியாது? இவை இப்போது பேசியவை அல்ல. எப்போதோ பேசி, கோபுரம் எட்டாமல் அந்தப் போனுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தவை. போன் இப்போதுதான் கரைக்குக் கிட்டே வந்திருக்கிறது.

அல்லாவே, யாராவது படகோடு இழுத்து வந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டான்.

"இது என்னடா, ஏதோ படம் மாதிரி வந்திருக்கு?" அவள் போனை அவன் கையில் திணித்தாள்.

தான் இருக்கும் இடத்தை, போன் நகர நகரக் காட்டும்படி வஜ்தி அம்மாவுக்கு அனுப்பியிருந்தான். லம்ஜத் அதைத் திறந்தான். துறைமுகத்துக்குப் பின்னால், மணலும் தண்ணீரும் சேருகிற கோட்டில் ஒரு நீலப் புள்ளி. அக்கம்பக்கத்தில் படகுத்துறை ஏதும் இல்லாத இடம்.

மப்ரூக்கா எட்டிப் பார்த்தாள். "இது நம்ம கடற்கரையில்ல? அடப்பாவி, திரும்பி வந்துட்டானா! வீட்டுக்கு வர பயந்துக்கிட்டு அங்கயே நிக்கிறான் பாரு. அசையுது பாரு, அங்கயும் இங்கயும் நடக்குறான்!"

போனை அவனிடமே விட்டுவிட்டு, முக்காடு நழுவ, தெருவில் இறங்கி ஓடினாள்.

"பெரியம்மா..." என்றான் லம்ஜத். அது அவன் காதுக்கே கேட்கவில்லை.

போனின் தலையில் 5ஜி பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. ஒரு தடங்கலும் இல்லாமல், புள்ளி மணலுக்கு வந்தது, தண்ணீருக்குப் போனது, மறுபடி மணலுக்கு வந்தது.