போதும் என்கிற சத்தம்

"எவ்வளவு இறுக்கணும்னு இந்தப் பிடியில வெச்சிட்டா, அந்த அளவு வந்ததும் டிக்குனு ஒரு சத்தம் குடுக்கும். அதோட விட்டுறணும் சார்" என்றார் கடைக்காரர்.

வீட்டில் தன் பைக்கைக் கழற்றிப் பூட்டும்போதெல்லாம் போல்ட்டை முறித்துவிடுகிறவன் முருகவேள். சோதித்துப் பார்க்கக் கடையில் பூட்டிவைத்திருந்த போல்ட்டில் டார்க் ரென்ச் என்ற அந்த ஸ்பேனரை மாட்டி இழுத்தான். டிக். பல்லைக் கடித்துக்கொண்டு மேலும் இழுத்தான். போல்ட்டின் தலை தெறித்துக் கண்ணாடி அலமாரியை உடைத்தது.

"சத்தம் கேக்கலையா சார்?"

"நல்லாவே கேக்கும்ணே" என்றாள் பக்கத்தில் நின்ற அவன் மனைவி செண்பகவல்லி. "என் கை முறிஞ்சப்பவும் கேட்டுச்சு."

மாவுக்கட்டுப் போட்ட இடக்கையை மார்போடு அணைத்தபடி, வலக்கையால் ரென்ச்சுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். இருப்பதிலேயே கனமானதைக் கீழே வைக்கவில்லை.

"இது எனக்குண்ணே."