மாமாவின் பெஸ்டி

“பெஸ்டின்னா என்னடி அர்த்தம்?”

லென்ஸின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டே பெரியவள் கேட்ட வேகத்தில், ஃபிரேமுக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்த சின்னவள் நிமிர்ந்தாள். அந்தக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை செய்வது இவர்கள் இருவர்தான்.

“எந்த வருஷத்து அர்த்தம்க்கா வேணும்?”

“வருஷத்துக்கு ஒண்ணா மாறும்?”

“பின்னே? முதல்ல உயிர்த்தோழியை அப்படிக் கூப்பிட்டாங்க. அப்புறம் கூடப் படிச்ச பையனையும் சேர்த்துக்கிட்டாங்க. மீம் போடறவங்க கையில சிக்கினதும் அதோட மானம் போச்சு. இப்போ காதலியும் இல்ல, தங்கச்சியும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற ஆளு. ஏன், மாமாவுக்கு யாராச்சும்...?”

“உன் மாமாவுக்கேதான். நாலு மாசமா ஒருத்திக்கு மெசேஜ். முதல்ல ‘மேடம்’னார். அப்புறம் ‘தோழி’. நேத்திலேருந்து ‘பெஸ்டி’.”

“கிரேன் ஓட்டற மனுஷனுக்கு இதுக்கெல்லாம் எங்கக்கா நேரம்?”

“அவளுக்கு மட்டும் இருக்கு. கிரேன்ல ஏறும்போதெல்லாம் கால் நடுங்குதாம். பதினெட்டு வருஷமா நடுங்குதாம். அதை அவகிட்ட சொல்றார். கட்டினவ எங்கிட்ட, ‘சட்டை காஞ்சுதா?’ அதோட பேச்சு முடிஞ்சுது.”

அழுத்திய அழுத்தில் லென்ஸின் ஓரம் சிதறியது.

“உங்க வயித்தெரிச்சலுக்கு அடுத்தவங்க கண்ணாடியா கிடைச்சுது? முதல்ல அவ யாருன்னு கண்டுபிடிங்க. நேர்ல போய் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேட்டுடலாம். நானும் வர்றேன்.”

பெரியவள் இயந்திரத்தை நிறுத்தினாள். குரல் இறங்கிவிட்டது.

“யாரைப் போய்க் கேக்கறது? அவரைச் சோதிக்கலாம்னு, வேற பேருல, பூப்படம் போட்டு அந்த அக்கவுண்ட்டை ஆரம்பிச்சதே நான்தான். இப்போ அவளை நினைச்சா எனக்கே பத்திக்கிட்டு வருது. நான்தான்னு சொல்லிட்டா, அவர் மறுபடியும் வாயைத் தைச்சுக்குவார்டி.”

சின்னவள் ஃபிரேமைக் கீழே வைத்துவிட்டு அருகே வருவதற்குள், அந்தப் பொய் அக்கவுண்ட்டில் புதிதாக ஒரு செய்தி வந்து விழுந்தது.

“பெஸ்டி, டிபன் டப்பாவை மேசையிலேயே விட்டுட்டுப் போயிட்டே. வேலைக்குப் போற வழியில கடையில கொடுத்துடறேன்.”