வெள்ளிக்கிழமைத் தேங்காய்

தேங்காய் விலை ஏறியதிலிருந்து அந்த வீட்டுத் துருவிக்கு வேலையில்லை. சட்னி நிலக்கடலைக்கு மாறிவிட்டது. மிக்ஸி மட்டும் வேளை தவறாமல் இரைந்தது.

"ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்புக்காரர் வர்றாராம். உன்னைப் போட்டுடலாம்னு அய்யா சொல்லிட்டாரு அக்கா," என்றது மிக்ஸி. "எனக்கு அரைக்க எது வந்தாலும் சரி. உனக்குத் தேங்காய் ஒண்ணுதானே?"

"அந்த ஒண்ணு போதும்டி. திலகவதி நாக்கு எனக்குத் தெரியும். தேங்காய் இல்லாம எத்தனை நாள் பொறுக்கும்?" என்றது துருவி. உறுதியாகத்தான் சொன்னது. ஆனாலும் நாளை எண்ணிக்கொண்டே இருந்தது.

வியாழக்கிழமை திலகவதி கணவரிடம் தேங்காய் வாங்கிவரச் சொன்னாள்.

"விக்கிற விலையில சட்னிக்கா?"

"சட்னிக்கு யாருங்க கேட்டா? நாளைக்கு வெள்ளிக்கிழமை. பிள்ளையாருக்கு அர்ச்சனை பண்ணணும்."

கோயில் பக்கமே போகாதவள் அவள். சாமி காரியம் என்றதும் அவர் பெரிய காயாகவே பார்த்து வாங்கி வந்தார்.

மறுநாள் திருநீறு ஒட்டிய இரண்டு மூடிகளும் கோயிலிலிருந்து நேராக அடுக்களைக்கு வந்தன. துருவி ஓடு தெரியும்வரை விடவில்லை.

"வாரத்துக்கு ஒரு காய்தானே," என்று முணுமுணுத்தது மிக்ஸி.

ஞாயிற்றுக்கிழமை இரும்புக்காரர் குரல் தெருவில் கேட்டது. திலகவதி துருவியைக் கழுவித் துடைத்து, மிக்ஸிக்குப் பக்கத்திலேயே வைத்தாள். பிறகு கூடத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"ஏங்க, செவ்வாய்க்கிழமை முருகனுக்கு ரொம்ப விசேஷமாம்."