ஐந்தாம் வகுப்பின் பாசம்

"சார், இன்னும் ஒரே ஒரு கணக்கு சார்!"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, வேம்பாரில் தனராஜ் வாத்தியார் குடியிருந்த வீட்டு வாசலில் ஐந்தாம் வகுப்பு மொத்தமும் சிலேட்டும் கையுமாக நின்றது. படகு கடலுக்குப் போகாத நாள், கரையில் ஆட்டம் போடலாம். இதுகளோ வாய்ப்பாட்டுக்கு அடித்துக்கொண்டன. வாத்தியாருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

போன ஜூனில், எழுபத்துநாலில், இன்ஸ்பெக்டர் ஆவுடையப்பன் பரீட்சை வைத்தபோது வகுப்பின் சராசரி நூற்றுக்கு ஒன்பது. "பிப்ரவரியில மறுபடி வருவேன். பிள்ளைக படிப்புல எவ்வளவு வளந்திருக்குன்னு பாத்துத்தான் உம்ம வேலையை அளப்பேன். வளந்திருந்தா கேட்ட ஊருக்கு மாற்றல். இல்லன்னா இங்கனயே கெடக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தனராஜுக்குச் சொந்த ஊர் நாசரேத். வேம்பாரின் உப்புத் தண்ணியும் கருவாட்டு வாசமும் அவருக்கு ஒத்துக்கவே இல்லை. அந்த எரிச்சலையெல்லாம் பிரம்பில்தான் காட்டுவார். இன்ஸ்பெக்டர் வந்துபோன அன்றைக்கு வகுப்பில் மனசு விட்டே சொன்னார்: "ஏலே, நீங்க படிச்சாத்தாம்லே நான் ஊரு போய்ச் சேர முடியும்!"

மறுநாளே மாயம் நடந்தது. கடைசி பெஞ்சு இனிகோ முதல் பெஞ்சுக்கு வந்தான். சாளை மீன் ஏற்றிய படகு கரைக்கு வந்தாலும் ஒரு பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. அடித்தால்கூடச் சிரித்துக்கொண்டே கையை நீட்டின.

பிப்ரவரியும் வந்தது, இன்ஸ்பெக்டரும் வந்தார். "ஏழெட்டு?" என்று அவர் கேட்டு வாய் மூடவில்லை, "ஐம்பத்தாறு!" என்று கூரை ஓடு அதிர்ந்தது. எழுத்துப் பரீட்சையில் சராசரி எண்பத்தொன்று.

"என்ன மருந்துவே குடுத்தீரு? இப்படி ஒரு வளர்ச்சிய நான் பாத்ததே இல்ல. நாசரேத்துக்கு இப்பவே எழுதுதேன்!" இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

வகுப்பே பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. அந்த முகங்களைப் பார்த்ததும் தனராஜுக்குக் கண் பொங்கிவிட்டது. அடேயப்பா, எனக்காக எம்புட்டுப் பாடுபட்டிருக்குதுக! இதுகளை விட்டுப் போனால் நான் மனுசனா?

"எழுதாதீங்கய்யா! இந்தப் பாசக்காரப் பிள்ளைகள விட்டுட்டு நான் எங்கனயும் போவல. ரிட்டயர் ஆகுதவரைக்கும் வேம்பார்தான்!"

இனிகோ பெஞ்சு மேலேயே ஏறிவிட்டான்.

"ஐயா, ஏழெட்டு எழுபத்தெட்டுய்யா! எங்களுக்கு ஒண்ணுமே தெரியாது, சாரை நாசரேத்துக்கே அனுப்பிருங்க!"