கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் மட்டும்

மேசையில் அந்தப் புத்தகம் கிடந்தது.

வேலை முடிந்து வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கைப்பை தோளிலிருந்து நழுவி விழுந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

கிளிநொச்சிக்கு வரவே கூடாத புத்தகம் அது.

பக்கத்தில் பிரித்த பார்சல். இரண்டு சொக்லேட் பெட்டி. ஒரு துண்டுக் கடிதம். டொரன்டோவில் இருக்கும் மச்சாள் வதனாவின் கையெழுத்து.

"சங்கவிக் கள்ளி, என்ர பேரிலயும் விலாசத்திலயும் புத்தகக் குலுக்கலுக்குப் பதிஞ்சனியெல்லோ, விழுந்திட்டுது. கோயில் தேருக்கு ஊருக்கு வாற சின்னத்துரை அண்ணையிட்டைக் குடுத்துவிடுறன். மாமி."

இரண்டு தரம் வாசித்தாள்.

பதினேழு வயது மகளுக்கு இந்த வழியை யார் சொல்லிக் கொடுத்தது? யாரும் சொல்லத் தேவையில்லை. இந்த ஊருக்குப் போன் வருவதும் அப்படித்தான், சப்பாத்து வருவதும் அப்படித்தான். வெளிநாட்டில் ஒரு விலாசம், ஊருக்கு வர ஒரு ஆள். தன்னுடைய மரமண்டைக்கு அது ஏன் எட்டவில்லை?

குகநேசனுக்கும் எட்டவில்லை. பெரிய எழுத்தாளராம்.

போன மாதம் முகநூலில் அறிவித்தவன் அவன்தான். புதிய புத்தகம், குலுக்கலில் பத்துப் பிரதிகள் இலவசம், கனடாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்களுக்கு மட்டும். கீழே ஊர்ச் சனம் ஏசித் தீர்த்தது. எங்கட கதையை எழுதிப்போட்டு எங்களுக்கு இல்லையோ என்று கேட்டது. தபால் செலவு கட்டாது என்று அவன் பதில் போட்டான். எல்லோரும் நம்பினார்கள்.

உண்மைக் காரணம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவனுக்கும் அவளுக்கும்.

ஒன்பதாம் அத்தியாயம்.

அதை அவன் போனில் வாசித்துக் காட்டியபோது அவள் அழுதாள். ஏசினாள். பிறகு கெஞ்சினாள்.

இரண்டாயிரத்து ஒன்பது, கடைசிச் சண்டை. பங்கர் ஓரம் செத்துக் கிடந்த யாரோ ஒருத்தி. அவளுடைய மடியில் ஆறு மாதக் குழந்தை, உயிரோடு. தூக்கிக்கொண்டு ஓடியவள் இவள். கூட ஓடியவன் குகநேசன்.

பெயர்களை மாற்றியிருந்தான். குழந்தையின் இடது குதிக்காலில் இருந்த எரிகாயத் தழும்பை மாற்றவில்லை. சின்னனில் விளக்குச் சுட்டது என்று சங்கவிக்கு அவள் சொல்லி வைத்திருக்கும் தழும்பு.

"அது இல்லாட்டி கதை இல்லை அக்கா. பயப்பிடாதேங்கோ, ஒரு பிரதியும் அங்க வர விடமாட்டன்."

வந்துவிட்டது.

கிணற்றடியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. சங்கவி உடுப்பு அலசுகிறாள்.

பார்சல் இன்றைக்குத்தானே வந்திருக்கிறது. இன்னும் வாசித்திருக்கமாட்டாள். கடவுளே, வாசித்திருக்கக் கூடாது. அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டால் போதும். அடுப்பில் போட்டுவிட்டால் போதும்.

புத்தகத்தை எடுத்தாள். அத்தியாயங்களைப் புரட்டினாள்.

ஏழு. எட்டு.

எட்டு முடிந்தது. அடுத்தது பத்து.

திரும்பவும் புரட்டினாள். எட்டு. பத்து.

நடுவில், தையலை ஒட்டி, பிளேடால் நேராக வெட்டிய விளிம்பு. விரலால் தடவி எண்ணினாள். ஆறு தாள்.

வதனாவா? வதனா கல்யாணக் கார்ட்டைக்கூட முழுதாக வாசிக்கமாட்டாள்.

மேசைக்குக் கீழே பார்த்தாள். மெல்லிய காகிதத் துருவல். சங்கவியின் பென்சில் பெட்டி திறந்து கிடந்தது. பிளேடு வெளியே இருந்தது.

அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். பதினேழு வருடமாக எந்த நேரத்தில் சொல்வது, எப்படிச் சொல்வது என்று தினமும் தள்ளிப்போட்டவள். சொல்ல இனி ஒன்றும் மிச்சமில்லை.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

சங்கவி ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தபடி வந்தாள். முகம் கழுவியிருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. அம்மாவின் கையில் புத்தகத்தைக் கண்டதும் ஒரு நொடி நின்றாள். பிறகு வாசலில் விழுந்து கிடந்த கைப்பையை எடுத்து வந்து மேசையில் வைத்தாள்.

"அதில நடுவில கொஞ்சப் பக்கம் இல்லை அம்மா. அச்சடிக்கேக்க விட்டிட்டினம் போல. நீங்கள் வாசிக்கேக்க தேடாதேங்கோ."