பாட்டிலில் இருந்தது

ட்யூபில் சிவப்பாக வரவேண்டியது தேன் நிறத்தில் வந்தது. மேனேஜர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். தேன் நிறம்தான்.

"அமுக்கவா?" என்று காருக்குள்ளிருந்து மனைவி கேட்டாள்.

"நான் சொன்னாத்தான் அமுக்கணும். நான் சொன்னாத்தான் விடணும். எத்தனை தடவை சொல்றது?"

கார் ஜாக்கியில் ஏறி நின்றது. சக்கரத்தைக் கழற்றிய இடத்தில், இஸ்திரி போட்ட புது மெக்கானிக் உடுப்பில் மேனேஜர் கிடந்தார். பழைய பிரேக் ஆயிலை வெளியேற்றிப் புதிதை நிரப்பும் வேலை. அவள் பெடலை அமுக்கிப் பிடிக்க, இவர் சக்கரத்துக்குப் பின்னால் ஆயில் வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட, ட்யூப் வழியாகப் பழையது போய்ப் புதியது வரும். வீடியோவை மூன்று தடவை பார்த்திருந்தார், அதுவும் வேகத்தைக் கூட்டி வைத்து.

புதியது சிவப்பு. அது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. முந்தாநாள் கடையில், "இருக்கறதுலயே விலை கூடினது எதுவோ அதை எடு" என்று அவரே கைகாட்டி வாங்கியது. கடைக்காரர் "சார், அது வந்து..." என்று இழுத்தபோது, "எனக்கே சொல்லித் தர்றியா?" என்று வாயை அடைத்துவிட்டு வந்தார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்த ஆபீஸ்காரர்களுக்கு மூடியைத் திறந்தும் காட்டினார். "பாத்தீங்களா, ரத்தம் மாதிரி! சரக்குன்னா இது சரக்கு."

"உங்க மச்சான்தான் மெக்கானிக் ஷெட் வச்சிருக்காரே, அவர்கிட்ட விட்டா என்ன சார்?" என்றார் ஒருவர்.

"ஸ்பானர் பிடிக்கிற கைக்கு மூளை வேண்டாம்யா. நமக்கு அப்படியா?"

மச்சான் அப்போது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து மனைவி முகம் கொடுத்துப் பேசவில்லை. நேற்று மட்டும், "ஏங்க, அந்த பாட்டில்ல..." என்று ஆரம்பித்தாள். "ஆயிலைப் பத்தி நீ எனக்குப் பாடம் எடுக்கப் போறியா?" என்றதும் உள்ளே போய்விட்டாள்.

காலையில் பானெட் நிழலில் நின்று ஊற்றியபோது நிறம் தெரியவில்லை. இப்போது வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. 'தெரியவில்லை' என்ற வார்த்தையைச் சொல்லிப் பழக்கமில்லாதவர் என்பதால் மேனேஜர் வேலையைத் தொடர்ந்தார்.

நாலாவது சக்கரத்துக்கு அடியில் கிடந்தபோதுதான், காருக்குள் அவள் போனில் கிசுகிசுப்பது காதில் விழுந்தது.

"மாத்திட்டேண்ணா... பாட்டில்ல இருந்ததை மொத்தமா எடுத்துட்டு, நீ கொடுத்ததை ஊத்தி வச்சிட்டேன்... சேச்சே, அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா காரியமே கெட்டுடும்."

மேனேஜருக்கு இன்ஷூரன்ஸ் ஞாபகம் வந்தது. போன மாதம்தான் இன்ஷூரன்ஸ் தாளில் அவள் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ ராணிடி" என்று எடுத்துக் கொடுத்ததும் அவரேதான்.

சக்கரங்களை மாட்டி, காரை இறக்கினார். 

"ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க," என்றாள் அவள், வெகு சாதாரணமாக. "நம்ம தெரு இறக்கத்துல விட்டுப் பாத்தாத்தான் பிரேக் எப்படின்னு தெரியும்."

தெரு முனையில் இறக்கம் ஆரம்பிக்கும். அது போய் முடிகிற இடத்தில் மெயின் ரோடு, ஓயாமல் லாரி.

"நீயும் ஏறு."

"நான் எதுக்கு? அடுப்புல பால் வச்சிருக்கேன்."

"ஏறுன்னா ஏறு!"

அவள் உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு, கைப்பையோடு வந்து ஏறினாள். ஒருநாளும் பெல்ட் போட்டவளில்லை. இன்று இழுத்துப் பார்த்து மாட்டிக்கொண்டாள்.

"இப்ப எதுக்கு பெல்ட்?"

"சக்கரத்தை மாட்டினது நீங்கதானே."

வெற்றிக் கோப்பை மாதிரி டேஷ்போர்டில் வைத்திருந்த காலி பாட்டில் ஆடிக்கொண்டே வந்தது. கார் ஊர்ந்து தெரு முனைக்கு வந்தது. கீழே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு குறுக்கே போயிற்று. மேனேஜர் பிரேக் பெடலைத் தொடவே இல்லை. கைப்பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். ஆபீஸில் நாற்பது பேரை நடுங்க வைத்த குரல் இப்போது கெஞ்சியது.

"உங்கண்ணனை அப்படிச் சொன்னது தப்புதான். அவர் காலைப் பிடிக்கிறேன்," என்றார். "எனக்கு வீடியோல பாத்ததுக்கு மேல ஒரு மண்ணும் தெரியாது. ரெண்டு பேரும் சேர்ந்து என்னத்தை ஊத்தினீங்க? அதை மட்டும் சொல்லிடும்மா."

அவள் கைப்பையைத் திறந்து தன் படிக்கிற கண்ணாடியை எடுத்து நீட்டினாள். போட்டால் வயசாகிவிட்டது என்பார்கள் என்று அவர் இதுவரை தனக்கென வாங்காத சாமான் அது. கூடவே டேஷ்போர்டில் இருந்த பாட்டிலையும் எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"இதை மாட்டிக்கிட்டு லேபிளைப் படிங்க."

மேனேஜர் முதல்முறையாகப் படித்தார், எழுத்துக் கூட்டி. "பவர்... ஸ்டியரிங்... ஆயில். பிரேக்கில்... ஊற்றக் கூடாது."

"கைப்பிரேக்கை எடுங்க," என்றாள் அவள். "நான் மாத்தி ஊத்தினதுதான் பிரேக் ஆயில்."